குழாயில் அடைத்த துணி

பூந்தமல்லி கிராமபோன் கடையில் நான் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். வெளியே பெரிய குழாய் விரிந்திருக்கும் குழாய் மெஷினுக்குப் புது ஊசி, குழாயே வெளியில் தெரியாத பெட்டி மெஷினுக்குத் தேய்ந்த ஊசி. வாங்க வந்தவர் தானாகவே, லாபம் கூடுதலான குழாய்ப் பக்கம் சாய்வார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த வித்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் கோவில்பதாகையிலிருந்து முனுசாமி வந்தார். அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இனிமேல் கல்யாணங்களுக்குப் பாட்டுப்பெட்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்றிருந்தார்.

"மொத கல்யாணம் பேசிட்டேன் தம்பி. இது நல்லா நடந்தா நாலு ஊர்ல கூப்புடுவான். இல்லாங்காட்டி மறுபடி மாட்டு வாலைப் புடிக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இவருக்காவது நியாயமாகக் காட்டுவோம் என்று இரண்டுக்கும் புது ஊசி போட்டேன். இரண்டுக்கும் முழுச் சாவி முறுக்கி, ஒரே பாட்டுப் பிளேட்டை வைத்தேன். அப்படியும் குழாயில்தான் சத்தம் அதிகம். சத்தம் கூடினாலே காது ஏமாந்துவிடும் என்று நினைத்து, குழாய்க்குள் துணியை அடைத்துச் சமமாக்கினேன். எது பாடுகிறதென்று தெரியாதபடி திரையையும் இழுத்துவிட்டேன்.

"ரெண்டாவதா பாடிச்சே, அதான் இனிப்பாக் கீது. அதையே குடு நைனா."

அது பெட்டி மெஷின். திரும்பி வந்த முதலாளி, "குழாயை எடுத்துக்கப்பா" என்று எவ்வளவோ சொன்னார்.

"இன்னா மொதலாளி நீ! தம்பி தராசுல வச்ச மாரி காட்டிச்சு" என்றார் முனுசாமி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். திறந்த களத்தில் பந்தல், நல்ல காற்று. பாட்டு மூன்றாவது வரிசைக்கே எட்டவில்லை.

"அண்ணாத்தே, பெட்டிக்குள்ள கொசு எதுனா மாட்டிக்கிச்சா?" என்று ஒருவன் கேட்டான். பந்தலே சிரித்தது. முனுசாமியும் சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்தினார். அதன்பின் என் பக்கம் திரும்பவில்லை.

முதலாளியிடம் சொல்லி, பெட்டிக்குப் பதில் குழாய் மெஷின் மாற்றித் தர ஒப்புக்கொள்ள வைத்தேன். கோவில்பதாகைக்குப் போனேன். முனுசாமி சேற்றில் நின்றபடியே பேசினார்.

"இன்னாத்துக்கு தம்பி? கொசுப்பாட்டுக்காரன்னு ஊர் பூரா பேராயிடுச்சி. இனி எவன் கூப்புடுவான்? ஊட்ல கொயந்தைங்க கேட்டுகினு கீது. நல்லாத்தான் பாடுது."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஊசியையும் சாவியையும் சமமாக வையுங்கள். வாங்குகிறவர் எங்கே வைத்துப் பாடவிடுவார் என்பதையும் கேட்டு, அதுபோன்ற இடத்திலேயே கேட்கச் செய்யுங்கள். முனுசாமி கல்யாணம் என்று வாய்விட்டே சொன்னார். கடைக்கு எதிரே சந்தை மைதானம் அன்று காலியாகத்தான் கிடந்தது.