லண்டனிலிருந்து தென்காசிக்கு எத்தனை மணி நேரம்

தென்காசியில் எங்கள் வீடு கோவில் தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை கோவிலில் பூசை கிடையாது. சின்ன வயதில் எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது; சாமியே நமக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வோம். அப்பா செத்த அன்றுதான் அதன் பாரம் தெரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சீசன், ஊரெல்லாம் சாரல். அண்ணன் லண்டனில் டாக்டருக்கு மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை இரவு விமானம் ஏறுவதாகப் பதில் வந்தது. வியாழக்கிழமை விடியும்போது அப்பா போய்விட்டார்.

தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். அவன் வரும்வரை வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சித்தப்பா கோவில்காரர்களிடம் பேசிவிட்டு வந்தார்.

"இருட்டுததுக்குள்ள வந்திருவான்னா பொறுத்துக்கிடுதோம்ங்காவ. நாளைக்குன்னா முடியாதுங்காவ. நீதாம்லே பூகோள வாத்தியாரு. கணக்குப் போட்டுச் சொல்லு, எப்ப வருவான்?"

நான் மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். அட்லஸை எடுத்து, அப்பாவின் காலடியிலேயே விரித்தேன். ஒரு நூலை எடுத்து, லண்டனில் அதன் ஒரு நுனியை அழுத்திக்கொண்டு மறு நுனியைப் பம்பாய்க்கு இழுத்தேன். நாலாயிரத்தைந்நூறு மைல் சொச்சம். வேகத்துக்கு, அண்ணன் முதன்முதலாகப் போனபோது எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டேன். விமானம் வழியெல்லாம் இறங்கி ஏறிய கதை அதில் இருந்தது. அந்தக் கணக்குப்படி பம்பாய்க்கே இன்றைக்குத்தான் வருவான். நாளைக்குத் திருவனந்தபுரம் விமானம், அப்புறம் செங்கோட்டை வழியாகக் கார்.

"நாளைச் சாயங்காலம் ஆயிரும் சித்தப்பா" என்றேன்.

நூல் வைத்து அளந்த வாத்தியாரை யார் மறுப்பார்கள்? மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். சிற்றாற்றங்கரையில் நான் கொள்ளி வைத்தேன். ஈர விறகு, பிடிக்க நேரமாயிற்று.

குளித்துவிட்டு வீடு திரும்பியபோது மணி நாலரை இருக்கும். வாசலில் வாடகைக் கார் நின்றது. கோட்டுப் போட்டபடியே அண்ணன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். கோவிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மொட்டைத் தலையையே பார்த்தான்.

"மொகத்தையாவது பாத்திருப்பேம்லே" என்றான். கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நான் வந்தது ஜெட்டு. முன்ன மாதிரி இல்ல, பாதி நேரந்தான். ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

"தெரியாதுண்ணே."

எனக்குத் தெரியும். ஜெட் விமானம் வந்தபிறகு லண்டன் பயணம் பாதியாகிவிட்டது என்று முந்தின வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருந்தேன். நூலை இழுக்கும்போதே அது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தவன் நான், பீ மூத்திரம் அள்ளியவன் நான். கடைசிவரை அவர் கேட்டதோ பெரியவன் வந்துவிட்டானா என்றுதான். நெருப்பாவது என் கையால் போகட்டும் என்று எனக்கு ஆங்காரமாக இருந்தது.

அண்ணன் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"நீயாவது பக்கத்துல இருந்து வச்சியே. அது போதும்லே எனக்கு" என்றான்.