தம்பிக்கு மட்டும் தந்த மருந்து

எங்கள் வீட்டில் எதையும் ஒருவர் தனியாகத் தின்றதாகச் சரித்திரமே இல்லை. ஒரே ஒரு ரொட்டி சானாய் வாங்கினாலும் அம்மா அதை இரண்டாகப் பிய்த்துத்தான் தருவார். காக்காய் வலிப்பைக்கூட நானும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும். அவனுக்கு வாரத்துக்கு இரண்டு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு.

நாங்கள் மருந்து வாங்கப் போகும் ஆஸ்பத்திரியில், புது மருந்து ஒன்றைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கமாட்டார்களாம். தம்பிக்காக அம்மா கையெழுத்துப் போட்டார். அதோடு விடாமல், டாக்டரம்மா படம் போட்ட புத்தகம் ஒன்றை விரித்து அவனிடமும் சம்மதம் கேட்டார். நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் பிள்ளைகளைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. எனக்குக் காது குத்தியதே மிட்டாய் கொடுத்து ஏமாற்றித்தான். தம்பி வெகுநேரம் யோசித்தான்.

"அக்காவுக்கும் குடுப்பீங்களா?"

"இல்லப்பா, இது உனக்கு மட்டும்தான். உன் எடைக்கு அளந்து குடுக்கிறது. வேற யாருக்கும் குடுக்கக்கூடாது, சரியா?"

தலையாட்டிவிட்டு, கோணல்மாணலாகப் பெயரை எழுதினான்.

வீட்டுக்கு வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டான். அக்காவுக்குக் கொடுத்தால்தான் குடிப்பானாம். அம்மா கெஞ்சினார், அதட்டினார், அப்பா செம்பனைக் காட்டு வேலையிலிருந்து வரட்டும் என்று மிரட்டினார். கடைசியில் அவரே இறங்கிவந்தார்.

"சரிலா, ஆளுக்குப் பாதி. ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே, ஒண்ணும் ஆவாது."

அம்மாவுக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்திருக்கும். வயது கூடிப்போனதற்காக ஒரு பிள்ளைக்கு நல்ல மருந்து கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

நானோ பெரிய சண்டைக்காரி. மருந்து ஊற்றிய இரண்டு அளவு மூடிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். என்னுடையதில் ஒரு கோடு குறைந்தாலும் வீடு ரெண்டுபடும். தம்பி பேசாமல் தன்னுடையதிலிருந்து எனக்குக் கொஞ்சம் ஊற்றுவான்.

அவனுக்கு வலிப்பு குறையவில்லை. அடுத்த முறை போனபோது, ரத்தத்தில் மருந்து போதவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஒழுங்காகக் குடிக்கிறானா என்று கேட்டார். அம்மா தலை குனிந்துகொண்டார். நான்தான் முந்திக்கொண்டேன்.

"ஒரு வேளகூட தவறல டாக்டர். போத்தல் காலியாயிடும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. திரும்பும் பஸ்ஸில் அம்மா, இனி முழு மருந்தும் தம்பிக்கே என்று சொன்னார். மறுநாள் காலை அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் மூலையில் நின்று அழுதேன். பிறகு பழையபடி ஆளுக்குப் பாதி ஆனது.

அந்த மாதமே ஒரு சனிக்கிழமை, எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு வலிப்பு வந்து கால்வாயில் விழுந்தான். முந்தின நாள் மழையில் சேர்ந்த முழங்கால் அளவுத் தண்ணீர்தான். யாரும் பக்கத்தில் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு டாக்டரம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார், துக்கம் கேட்கவும் மீதிப் போத்தல்களை வாங்கிப்போகவும். அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மத்த பிள்ளைங்களுக்கு இந்த மருந்து கேட்டுச்சா டாக்டர்?"

டாக்டரம்மா போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "நிறைய பேருக்கு வலிப்பு கொறஞ்சிருக்கும்மா. இவன் ரத்தத்துல மட்டும் மருந்து ஏன் சேரலன்னுதான் எங்களுக்குப் புரியல."

அவருடைய கார் போனதும் அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பியைத் தூக்கி வந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. ஊரார் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டது பொறுக்காமல் அழுகிறார் என்று அப்போது நினைத்தேன். அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய மனுஷி போல அருகில் போய், அவர் தோளைத் தொட்டேன்.

"அந்தப் பிள்ளைங்களாச்சும் நல்லா இருக்கட்டும்மா," என்றேன்.