பாலாடையில் அளந்த தண்ணீர்

பெரியவள் உண்டாகியிருக்கிறாள் என்று போன வாரம் சொன்னீர்கள். சந்தோஷம். சொன்ன கையோடு, பிரசவத்துக்குப் பிறகு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று சின்னவன் ஒரு பேப்பரில் எழுத உட்கார்ந்தான். பூண்டு, சுக்கு, சுறாக் கருவாடு, சாம்பிராணி, வயிற்றில் கட்டப் பழைய வேட்டி. யாரோ மெனக்கெட்டு ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டாவதோடு தறிக்குழியில் இறங்கியவன் நான். கோவையாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன், மூன்று பேரும் படியுங்கள்.

பெரியவளே, நீ பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், கத்திரி வெயிலில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குத் தாய் இல்லை. சந்தவாசலில் அப்பா மட்டும் இருந்தார், அவருக்கே சோறு பொங்க ஆள் கிடையாது. அதனால் ஆரணி ஆஸ்பத்திரியில் பெற்று, மூன்றாம் நாள் நம் வீட்டுக்கே வந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளக் களம்பூரிலிருந்து என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அப்போது வீட்டில் இருந்ததே இரண்டு அறை. காற்றும் வெளிச்சமும் உள்ள முன்னறை தறிக்கு. ஜன்னல் இல்லாத பின்னறை பெற்றவளுக்கு. இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை, எனக்கும்தான். அந்த இருட்டில் கோணியை விரித்து, மேலே பாயைப் போட்டு, தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டையும் விளக்குமாற்றையும் வைத்தால் ஒரு பேயும் அண்டாதாம். பேய் அண்டவில்லை. நாங்கள்தான் அங்கே இருந்தோமே.

அக்கா முதல் நாளே சட்டம் போட்டாள். தண்ணீர் கூடாது. ஓமம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் காலையில் ஒரு பாலாடை, சாயங்காலம் ஒரு பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்னச் சங்கு மாதிரியான பாலாடையில் இருபது வயதுப் பெண்ணுக்குத் தண்ணீரை அளந்தாள்.

“அண்ணி, இன்னும் ஒரு வாய் குடுங்க. தொண்ட ஒட்டிக்குது.”

“ஒட்டட்டும். பச்ச ஒடம்புடி. தண்ணி உள்ள போச்சின்னா வயிறு பானையாட்டம் வீங்கிக்கும். நான் நாலு பெத்தவ. நீ ஒண்ணு பெத்துட்டு சட்டம் பேசாத.”

நாலு பெற்றதில் இரண்டுதான் அவளுக்குத் தங்கியது. அவளையும் இப்படித்தான் காயப்போட்டிருப்பார்கள். அதை நினைத்து இப்போது கொஞ்சம் இரக்கம் வருகிறது. அன்றைக்கு வந்திருந்தால் பிரயோஜனம்.

கேட்டுக்கொள்ளுங்கள், தினமும் காலையில் உங்கள் அம்மாவின் மேல் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றினார்கள். கை பொறுக்காத சூட்டில், இடுப்பில் அடித்து அடித்து ஊற்றினார்கள். வாயைத் திறந்து அதில் ஒரு மடக்கு பிடித்துவிடப் போகிறாள் என்று அக்கா அவள் தாடையை வேறு அழுத்திப் பிடித்துக்கொள்வாள். குளித்து வந்ததும் சுறாக் கருவாட்டுக் குழம்பு. பால் ஊறுமாம். உப்பில் ஊறிக் காய்ந்த மீனைத் தின்னக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பானையின் மேல் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். இத்தனை புத்தி எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் விளையாது.

தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கினார்கள். குழந்தையின் துணியை விலக்கினார்கள்.

“பொண்ணா? சரி வுடு, அடுத்ததாவது பையனா பொறக்கட்டும்.”

“வயித்த இன்னும் நல்லா இறுக்குங்க. இல்லேன்னா தொப்பையத் தூக்கிகினு திரியணும்.”

உதடு வெடித்துக் கிடப்பதை ஒருத்தியும் பார்க்கவில்லை. டீக்கடையில் ஆண்களைக் கேட்டேன். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத வீரர்கள் அவர்கள். ஆளுக்கு இரண்டு டீ குடித்துக்கொண்டே, “தண்ணி குடுத்தா பாலெல்லாம் தண்ணியாப் போயிடும்டா” என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தக் கூட்டத்தில் பெரிய முட்டாள் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவேன். மற்றவர்கள் அவள் புலம்பலைக் கேட்கவில்லை. நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே நெய்தேன்.

எட்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. சிறுநீர் நெருப்பாக எரிகிறது என்று அக்காவிடம் அழுதாள். பால் குறைந்து, நீ கம்மிய குரலில் ஓயாமல் அழுதாய். அக்கா இன்னொரு துண்டு கருவாடு சுட்டாள்.

அன்று மத்தியானம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். தறியண்டை எப்போதும் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருப்பேன். ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓட்டுகிற இழைக்கு, வேண்டிய பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றி, அதில் ஊறப் போடுவேன். நனைந்த நூல்தான் அடிக்கு நெருக்கமாக உட்காரும். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால், சட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அரக்கு நிறத் தார்கள் அடியில் கிடந்தன.

“தாரெல்லாம் காயுது பாரு! எந்த சனியன் புடிச்ச பூனை வந்து நக்கிட்டுப் போச்சி?” என்று கத்தினேன்.

பின்னறை நிலையைப் பிடித்துக்கொண்டு உங்கள் அம்மா நின்றாள். உதட்டோரத்திலும் மோவாயிலும் அரக்குச் சாயம்.

“பூனை இல்ல,” என்றாள். “நான்தான். திட்டிக்கோ.”

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? “சாயத் தண்ணியாச்சே!” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபப்படுகிற அளவுக்கு நான் ஓர் ஆள் இல்லை என்று முடிவு கட்டியவள் பார்க்கிற பார்வை அது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது.

தெருமுனைக்கு ஓடி ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“தீட்டு கழியாம வாசப்படி தாண்டுவாளா? காத்து கருப்பு அடிச்சி ஜன்னி கண்டா நீயா பாக்கப்போற?”

“தள்ளுக்கா.”

“சாயத் தண்ணியக் குடிச்சவள ஊர் பூரா இட்டுகினு போயி மானத்த வாங்கப்போறியா?”

பாருங்கள், அவளுக்கு மானம் போய்விடுமாம். தள்ளிவிட்டுத்தான் வண்டியேற்றினேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஜுரம் பார்த்தார், வயிற்றுக் கட்டை அவிழ்த்துத் தூக்கிப் போட்டார். கட்டு அழுத்திய இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. “ஒரு நாளைக்குத் தண்ணி எவ்ளோம்மா குடிக்கிற?” என்று கேட்டார். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

“ரெண்டு பாலாடைங்க.”

“புள்ளைக்குக் கேக்கலய்யா. பெத்தவளுக்கு.”

“பெத்தவளுக்குத்தாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இன்னா சாப்புடுற, சோறுதானே?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் குடித்ததை நான் எழுத மாட்டேன். தண்ணீர் குறைந்து உள்ளே புண்ணாகிக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எவ்வளவு கேட்டாலும் தண்ணீர் கொடு, கஞ்சி கொடு, கீரை, பருப்பு, பழம் எல்லாம் கொடு, தூங்க விடு, மறுபடி குளிர்க் காய்ச்சலோ உதிரப்போக்கோ கண்டால் உடனே கூட்டிக்கொண்டு வா என்றார். சின்னவனே, உன் பேப்பரில் இதில் ஒன்றுகூட இல்லை.

வீடு திரும்பியபோது அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

“அவளுக்குத் தண்ணி குடுத்தின்னா நான் களம்பூர் பஸ் ஏறிடுவேன். அப்புறம் தீட்டுத் துணிய யாரு தொவைக்கிறது, புள்ளைய யாரு குளிப்பாட்டுறது? யோசிச்சிக்கோ.”

உண்மையாகவே எனக்கு எதுவும் தெரியாது. உலை வைக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் நேரே அடுப்படிக்குப் போய், குழவியை இறக்கிக் கீழே வைத்து, ஒரு சொம்பு மொண்டு வந்து உங்கள் அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன்.

பாயை முன்னறைக்குக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் போட்டேன். தறியைப் பத்து நாள் தொடவில்லை. சோறு முதல் நாள் குழைந்தது, இரண்டாம் நாள் தீய்ந்தது. துணிகளைக் கிணற்றடியில் துவைத்துக் காயப்போட்டேன். “மருத்துவச்சி வந்துட்டாரு, மருத்துவச்சி வந்துட்டாரு” என்று தெருவே கேலி செய்தது. செய்யட்டும். அந்தத் தெருவின் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு சொம்புகூட விளக்க முடியாது. உங்கள் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த நாள் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நீ வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாய், அவளும் தூங்கினாள். பெற்ற நாளிலிருந்து அப்போதுதான் அவள் முழுசாகத் தூங்கிப் பார்த்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தேன்.

“தண்ணியெல்லாம் குடுக்கிறியாமே?”

“ஆமா.”

“நீ நல்லாத்தான் பாத்துக்கிற போ. நவுரு, புள்ளையப் பாத்துட்டுப் போறோம்.”

“புள்ள தூங்குது.”

“அப்ப அவளையாவது எழுப்பு. ஜல்தியாப் பாத்துட்டுப் போயிடுறோம்.”

“அவளும் தூங்குறா.”

“இன்னாடா இது? இவ்ளோ தூரம் வந்தவங்க இன்னா பண்றது?”

எதிர் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம். நான் எழுந்திருக்கவில்லை. பேச்சுச் சத்தத்தில் உள்ளே பாய் அசைந்தது.

“யாருங்க அது?” என்றாள் உங்கள் அம்மா, அரைத் தூக்கத்தில். அந்தச் சாயத் தண்ணீருக்குப் பிறகு என்னிடம் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

மூன்று பேரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “யாரும் இல்ல. நீ தூங்கு.”