சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை

சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் டிவி ரிப்பேர் செய்கிறவள். திரைக்குப் பின்னால் இருக்கும் சிப்புக்கு சர்க்யூட் வடிவமைக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அதான், டிவி வேலை" என்று முடித்துவிடுவார்கள். ராஜபாளையம் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பதால், அதுவும் வேலைதான் என்று பாதிப் பேர் நம்புவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தப்பா போன் செய்தபோது ஒரு மீட்டிங் முடிந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பது சிப்புக்கு ஓர் எண்ணாகத்தான் வரும். அந்த எண்ணுக்குரிய வோல்டேஜை எடுத்துக் கொடுப்பது என் சர்க்யூட். உள்ளே ரெசிஸ்டர்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கியிருக்கும், படிக்கொரு வோல்டேஜ். பெரிய திரையில் இப்படிப் பல சிப்புகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரே எண்ணுக்கு எல்லாம் ஒரே வோல்டேஜைக் கொடுத்தாக வேண்டும். ரெசிஸ்டரைச் சிறிதாக்கினால் இடம் மிச்சமாகும், ஆனால் சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் மாறும். சிறிதாக்கத்தான் சொன்னார் டீம் லீடர்.

"சில மில்லிவோல்ட்தானே மாறுது? வெறும் சாம்பல் கலரை யாரு உத்துப் பாக்கப் போறா?"

அந்தச் சூட்டோடுதான் போனை எடுத்தேன்.

"தாயி, புது டிவில ஒரு பட்டை தெரியுது. சர்வீஸ்காரன் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லங்கான். ஒரு எட்டு வந்து பாரு."

சித்தப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலைகளில் காவல் நின்றவர், அதனாலோ என்னவோ மலையும் மூடுபனியும் வருகிற படமாகத் தேடித் தேடிப் பார்ப்பார். எரிச்சலோடுதான் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

வாசலிலேயே சித்தி பிடித்துக்கொண்டார். "அவியளுக்குக் கண்ணுலதான் கோளாறு. எங்க யாருக்கும் தெரியல. கண் டாக்டர்ட்ட காட்டியாச்சு, பொரை இல்லைன்னுட்டாரு. இனி மதுரைக்குத்தான் கூட்டிட்டுப் போணும்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு ரிமோட்டை எடுத்து ஒரு பனிமலைப் படத்தைப் போட்டார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். லேப்டாப்பில் வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்று செய்து, பென் டிரைவில் ஏற்றி டிவியில் போட்டேன்.

இருந்தது. நடுவுக்குச் சற்று இடப்பக்கம், மேலிருந்து கீழ்வரை, சுற்றியுள்ளதைவிடத் துளி இருட்டாக ஒரு பட்டை. விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. ஒரே ஒரு சிப் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. நல்ல வெள்ளையிலும் கறுப்பிலும் அது மறைந்துவிடும். நடுச் சாம்பலில்தான் இம்மி வோல்டேஜ் மாறினாலும் வெளிச்சம் மாறும்.

"ஏட்டி, எனக்கும் தெரியுதே!" என்றார் சித்தி.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "கண்ணு போயிருச்சோன்னே நெனச்சுட்டேன் தாயி. ராத்திரி தூக்கமில்ல" என்றார். என்னைப் போல ஒருத்தி எங்கோ ஒரு மீட்டிங்கில் சரி என்று தலையாட்டியிருப்பாள்.

சர்வீஸ்காரரை வரவழைத்தேன். திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த மாதிரி படம் யாரு பாப்பா? ஏதாவது பாட்டுப் போடுங்க, நல்லாத் தெரியும்" என்றார்.

"இவுக பாப்பாக! டிவி இவுகளோடது!" என்று கத்திவிட்டேன். போட்டோ எடுத்தார். போட்டோவில் பட்டை விழவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, தள்ளி நின்று, குனிந்து எடுத்து, கடைசியில் லேசாக விழுந்தது. டிவி கம்பெனிக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இதைச் சொன்னேன். "ஒரு வீட்டு டிவிய வச்சு முடிவு எடுக்க முடியாது" என்றார் டீம் லீடர். சிறிய ரெசிஸ்டர் போட்டால் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கே பட்டை வைத்து ஒரு படம் தயார் செய்திருந்தேன். என் திரையைப் பகிர்ந்து அதைக் காட்டினேன். வீடியோ காலில் படம் கொழகொழவென்று கலங்கி, பட்டை காணாமல் போய்விட்டது. "ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். மேஜையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொறவு படத்தை மெயிலில் அனுப்பி, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சிப்பில் எது எங்கே என்று லேஅவுட் போடுகிறவர்தான் முதலில், "தெரியுது" என்றார்.

ரெசிஸ்டருக்கு நான் கேட்ட அகலத்தில் பாதிதான் கிடைத்தது. சித்தப்பா வீட்டில் ஒருவழியாகத் திரைப் பேனலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மதுரைப் பேச்சு நின்றது. மனுஷன் நன்றாகத் தூங்குகிறாராம். எங்கள் சிப் தயாரிப்புக்குப் போயிருக்கிறது, திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பாதி அகலம் போதுமா என்பது அது வந்து ஒரு திரையில் ஏறிய பிறகுதான் தெரியும்.