கை தூக்காமல் விழுந்த கட்டைகள்

அந்த வெள்ளைக் கைப்பிடியின் முதுகில் இருந்த ஸ்குரூ மூன்று இதழ் கொண்டது. ஹட்டனில் நான் வேலை பார்க்கும் போன் ரிப்பேர் கடையில் எத்தனையோ வகை ஸ்குரூ டிரைவர்கள் இருக்கின்றன. இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. திறக்க முடியாத ஒரு சாமானைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. பழைய டிரைவர் ஒன்றை அரத்தில் தேய்த்துத் தேய்த்து, மூன்று நாளில் அதற்கேற்ற முனையை நானே செய்துகொண்டேன். அந்த மூன்று நாளும் முதலாளியின் கண்ணில் படாமல் இதைச் செய்தது தனிக்கதை.

கைப்பிடி ஒரு கேம் பெட்டியோடு வந்தது. நுவரெலியாவில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம், பழைய போன்களோடு சேர்த்து அதையும் எங்கள் கடையில் தள்ளிவிட்டுப் போனது. பட்டன் அமுக்கி விளையாடுகிற சங்கதி இல்லை அது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால், டீவிக்குள் இருக்கும் ஆளும் கையை வீசுவான். அவன் உருட்டும் பந்து போய்ப் பத்துக் கட்டைகளை விழுத்தும். எனக்கு முதலில் அதன்மேல் மரியாதையே வரவில்லை. கேசட் செருகி, இரண்டு கட்டைவிரல்களை மட்டும் நம்பி விளையாடி வளர்ந்தவன் நான். கையை வீசித்தான் விளையாட வேண்டுமென்றால் மைதானத்துக்குப் போகலாமே என்பது என் கட்சி. ஆனாலும் கண்ணே இல்லாத இந்தப் பிளாஸ்டிக் துண்டு என் கையை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டது. புகுந்தால் அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் அக்காவின் கைக்கட்டைப் பிரித்தார்கள். அக்கா வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டைத் தள்ளி இடத்தில் சேர்த்து, மூன்று வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள். பிரித்த பிறகு பார்த்தால், கை நெஞ்சு மட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே போக மாட்டேன் என்கிறது.

கொழுந்து பறிக்கிறவளுக்கு அது போதாது. பறித்த பிடியைத் தோளுக்கு மேலால் பின்பக்கக் கூடைக்குள் போட வேண்டும், நாள் முழுக்க. அக்காவின் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் தோட்டம் தரும் லயத்துக் காம்பராவில் நிம்மதியாகக் குடியிருக்கலாம். அந்த வீட்டில் அந்தப் பேர் அக்காவுடையது. ஒன்றரை மாதம் கழித்து கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கை தோளுக்கு மேலே வராவிட்டால், மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்துத்தான் விடுவிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருந்தார்: சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே நடத்துவது. அக்கா மூன்று நாள் நடத்தினாள். நாலாம் நாள் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கையை வீசினால்தான் ஆட்டம் நடக்கும் என்றால், ஆட்ட ருசியில் கை தானாக மேலே போகுமே! ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா முதலில் சிரித்தாள். கழுதை வயதாகிறது, இன்னும் கேம் போகவில்லையா என்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள், என் மருமகள்தான், இது விளையாட்டு இல்லை, மருந்து என்று எனக்காக வாதாடினாள்.

முதல் நாளே வில்லங்கம். பிற்பகல் முழுக்க, கைப்பிடி காட்டும் திசைக்கு ஒழுங்காக நகர்ந்த கைச்சின்னம், ஆறு மணியானதும் திரையில் பேய் பிடித்த மாதிரி ஓடத் தொடங்கியது. வலப்பக்கம் நகர்த்தினால் மேலே தாவுகிறது, நிறுத்தினால் நடுங்குகிறது. கைப்பிடியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன், பழுதில்லை. அடுத்த ஞாயிறும் அதேதான்: சரியாக ஆறு மணி, சரியாகப் பேய். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்தில் விளையாடினால் சாமிக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். எனக்குச் சுரீரென்றது. சாமிக்காக இல்லை, விளக்குக்காக.

எங்கள் பக்கத்தில் டீவி இருக்கும் மேசைதான் அனேகமாகச் சாமி மேசையும். அக்கா வீட்டிலும் டீவிக்கு இரண்டு பக்கமும் சாமி படங்கள், படத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள். அந்த கேம் பெட்டிக்கு டீவியின் கீழே வைக்க ஒரு சின்னக் கறுப்புப் பட்டை உண்டு. அதன் இரண்டு முனையிலும் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எரிகிறது. மருமகளின் போன் கேமராவால் பார்க்கச் சொன்னேன். ஊதா நிறப் புள்ளிகளாகத் தெரிந்தன. கைப்பிடியின் மூக்கில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது அந்த இரண்டு வெளிச்சத்தையும் பார்த்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. எண்ணெய் விளக்கின் சுடரிலும் அதே வெளிச்சம் இருப்பதால், பாவம், எந்த இரண்டைப் பார்ப்பதென்று தெரியாமல் குழம்பியிருக்கிறது.

சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. கறுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு விளக்குகளை மட்டும் டீவியின் முன்னால் ஒரு சாண் இடைவெளியில் வைத்தோம். கைச்சின்னம் அழகாக, கொஞ்சம் நடுங்கியபடி, சொன்ன பேச்சைக் கேட்டது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அக்கா மட்டும், சாமி விளக்கை இடத்தில் வை என்று அதட்டினாள். அதன்பிறகு ஆட்டம் விளக்கு வைக்கும் முன்பே முடிய வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

வாரநாட்களில் மருமகள் டீவித் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். அக்காவின் புள்ளிகள் ஏறின. பத்துக் கட்டைகளும் ஒரே உருட்டில் விழுந்தன; அடுத்ததிலும் விழுந்தன. நான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். டொக்டர்மாருக்குத் தெரியாத வைத்தியம் என்று நினைப்பு.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளன்று சொல்லாமல் போய் இறங்கினேன். அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கையில் தேநீர். வலது கை மடியில் கிடந்தது, அதில் கைப்பிடி. மணிக்கட்டை மட்டும் சுண்டினாள், கொழுந்தைக் கிள்ளுவது போல ஒரு சின்னச் சுண்டல். திரையில் இருந்த ஆள் கையைப் பின்னுக்கு ஓங்கி, பிரமாதமாக வீசி, பத்தையும் விழுத்தினான். அக்கா தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, என்மேல். கைப்பிடியைத் திறந்து, அசைவை உணரும் சிப் என்கிற அந்தச் சில்லை நானே பார்த்தவன். பஸ் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோமே, அந்தச் சாய்வைத்தான் அது உணர்கிறது. கை எவ்வளவு உயரம் போனது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. உலுக்கல் ஒன்று கிடைத்தால் போதும், மிச்சத்தை அதுவே நடித்துவிடும். வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கையைத் தூக்கச் சொன்னேன். அதே நெஞ்சு மட்டம்தான். ஒரு மாதம் வீண்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தூக்கும்போது மூட்டு மறுபடி கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். விழுந்த அன்று மூட்டு நழுவிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறதாம்.

அடுத்த ஞாயிறு வைத்தியம் ஒன்றும் யோசிக்கவில்லை. அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் எங்கள் பழைய கேசட் கேம் பெட்டியை எடுத்துப் போனேன். எங்கள் அப்பா நுவரெலியா சித்திரை சீசன் கடையில் வாங்கித் தந்தது. கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டு என்று எழுதியிருக்கும். உள்ளே ஏழெட்டுதான் மாறி மாறி வரும். நாங்கள் அதற்காக ஏமாந்ததாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஈரப்பனியில் பச்சை படிந்திருந்த கேசட்டின் செப்புப் பல்லையெல்லாம் அழிறப்பரால் தேய்த்தேன். டீவியின் முதுகில் மஞ்சள் ஜாக் இருந்தது தெய்வாதீனம். அந்த இசை வந்ததும் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மேடுகளில் ஏறிப் பறக்கும் மோட்டார் சைக்கிள் ஆட்டத்தைப் போட்டோம். சிறுவயதில் அதில் அவளை நான் ஜெயித்ததே இல்லை. இப்போது முதல் சுற்றில் ஜெயித்தேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்கித் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் சுற்றில் இருவரும் சமமாக ஓடினோம். கடைசிப் பெரிய மேடு வந்தது. அவள் சைக்கிள் மேட்டில் ஏறியது, பறந்தது. பறப்பதற்கு உதவுகிறவள் போல, இரண்டு கைகளாலும் பிடித்திருந்த பட்டன் பலகையை அப்படியே மேலே தூக்கினாள். மோவாய், நெற்றி, தலைக்கு மேலே.

அந்தப் பலகைக்குக் கை எங்கே இருக்கிறதென்று தெரியாது, தெரிந்துகொள்ள அதனிடம் எந்தச் சில்லும் இல்லை. தூக்குவதால் ஆட்டத்தில் ஒரு மயிரிழை லாபமும் கிடையாது. ஆனால் அக்காவின் வலது கை தலைக்கு மேலே நின்றது. என் சைக்கிள் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை.

அவள் ஜெயித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். மெதுவாக இறக்கினாள். பிறகு, பலகையை மடியில் வைத்துவிட்டு, வெறும் கையை மறுபடி தூக்கிப் பார்த்தாள். முகம் சுளித்தது, வலி இருந்திருக்கும். ஆனால் கை போனது. நான் எழுந்து மருமகளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் வெளியே பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"கூப்பிடாத தம்பி. கிளினிக்குக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் கை ஏறலைன்னே இருக்கட்டும்."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"பதினெட்டு வயசுல கூடை மாட்டினது. இந்த ரெண்டு மாசந்தான் நான் வெயில் வந்தப்புறம் எந்திரிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். கைப்பிடி எப்படிக் கையைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தவன், அக்கா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்ற இந்த ஒன்றை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சரி என்று மட்டும் சொன்னேன். மருமகள் குடத்தோடு உள்ளே வந்து, யார் ஜெயித்தது என்று கேட்டாள். அம்மாதான் என்றேன்.

அந்த ஒன்பது நாளும் அக்கா ஆசைதீரத் தூங்கினாள். விரல்களைச் சுவரில் நடத்துவதை மட்டும், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒருநாளும் விடாமல் செய்ததாகப் பின்னால் சொன்னாள். கிளினிக்கில் டொக்டர் தூக்கச் சொன்னதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நல்ல முன்னேற்றம் என்று அவர் சந்தோஷப்பட்டு, வேலைக்குப் போகலாம் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை, விடிவதற்கு முன்பே, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டாள்.