வேண்டிக்கொண்ட முடி

எங்கள் தொழிலில் முடி கழிவு. ஆம்பூரில் நான் வேலை செய்யும் தோல் கம்பெனியில், சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடியை வழித்துத் தள்ளிய பிறகுதான் மற்ற வேலையே தொடங்கும். முடியைப் பார்த்து நான் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு நாள் காலையில் என் மனைவிக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்தேன். அவள் முடி கொத்தாக என் கையோடு வந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். வேலூரில் ஆபரேஷன் முடிந்து, கீமோ ஊசி ஒன்று போட்டிருந்தார்கள். முடி கொட்டும், பயப்படாதீர்கள், திரும்ப முளைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். அதே சமயத்தில் வீட்டில் இருந்த என் அம்மா, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், மலைக்கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். மருமகள் பிழைத்து எழுந்தால் மொட்டை போட்டு முடியைக் காணிக்கையாகக் கொடுப்பாளாம். இடுப்பைத் தொடும் முடி அது. எங்கள் வீட்டில் சாமிக்குக் கொடுக்க அதைவிடப் பெரிதாக எதுவும் அம்மாவின் கண்ணில் படவில்லை.

இப்போது அது தலையணையெல்லாம் கிடந்தது.

"சாமிக்குன்னு சொன்னத மருந்து எடுத்துக்கினு போவுது. சொன்ன சொல்லு தப்பிட்டா நான் எப்டிங்க நல்லாவேன்?" என்றாள் மனைவி. இருப்பதையாவது உடனே மலையில் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த ஊசி என்று ஒரே பிடிவாதம். டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கின்றன, கூட்டத்துக்கே போகக் கூடாது, கத்தி பட்டு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஆபத்து என்றார்.

எனக்கும் சாமிக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே இருக்கும். "உயிரு பெருசா, மயிரு பெருசா?" என்று கத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அவள் துணிப்பையைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவளை இழந்துவிடுவேன் என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எங்களை வேலூருக்கு அழைத்துப்போவது என் கம்பெனித் தோஸ்த், பாய். கார் அவருடையது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க வந்தார். பக்கத்து வீட்டு அக்கா அப்போது வாசலில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். அவர் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்ததும் தினமும் வந்துவிடுவார். அவர் ஜெபத்தில் டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி லிப்ட் வரைக்கும் எல்லாம் வரும். அவர் ஆமென் சொல்வதற்குள் கஞ்சி ஆறிப்போகும். பாயும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அது முடியும் வரை காத்திருந்தார். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா தங்கச்சி," என்றார் பாய், வாசலிலிருந்தே. "உங்க சாமி முடிய கேட்டாரா, கத்திய கேட்டாரா? கொட்றத கொட்றப்பவே சேத்து வையி. நல்லாயிட்டு நீயே கொண்டும்போய் குடு. நான் வண்டி ஓட்றேன்."

மனைவி அம்மாவைப் பார்த்தாள். வேண்டிக்கொண்டவள் அவள்தானே. அம்மா தலையணையில் உதிர்ந்து கிடந்த ஒரு கற்றையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழ மட்டும் வுழக்கூடாது. கால்ல மெறிபடக்கூடாது" என்றாள்.

அக்கா அன்றைக்கே வெள்ளைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார். மறுநாள் மனைவி ஊசிக்கு வந்தாள்.

அதன்பிறகு காலையில் எழுந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை முடி பொறுக்குவதுதான். தலையணையை அம்மா பார்த்துக்கொண்டாள். பாத்ரூமில் தண்ணீர் வடியும் சல்லடை என் பொறுப்பு. கம்பெனியில் முடியைக் குப்பையாக வாரித் தள்ளுகிறவன், வீட்டில் ஒற்றை இழைக்காக மண்டிபோட்டுத் தேடினேன். தோல் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அதனால் நான் கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தவளுக்கு, பாய் வீட்டு நோன்புக் கஞ்சி மட்டும் உள்ளே தங்கியது. ரம்ஜான் முடிந்து எத்தனையோ நாளாகியும் பாயின் மனைவி அதைக் காய்ச்சி அனுப்பிக்கொண்டிருந்தார். சுவரில் முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய பை, கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. அவள் தலை வெறுமையானது.

ஊசியெல்லாம் முடிந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, விடாமல் வந்து காட்டிக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். சில மாதத்தில் அவளுக்கு முடி முளைத்தது. பழையது நேர்முடி, இது கருகருவென்று சுருட்டை. தலையில் கட்டிக்கொள்ள வேலூர் லாங் பஜாரில் வாங்கிய ஸ்கார்ப்பை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று தலையைத் தடவித் தடவிப் பார்ப்பாள். நான் கேலி செய்தால் வெட்கப்படுவாள்.

சொன்னபடியே பாய் வண்டி எடுத்தார். அவரும் அக்காவும் அடிவாரத்தில் டீக்கடையில் இருந்துகொள்ள, நாங்கள் மூவரும் மேலே போனோம். முடி காணிக்கை செலுத்தும் இடத்தில் பையை அவிழ்த்துக் கொட்டினாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

"வேண்டுதலு மொட்டைதானே. இதையும் எடுத்துடுங்க" என்றாள். அவள் கை மட்டும் ஒரு முறை பின்கழுத்துச் சுருளைத் தொட்டுவிட்டு இறங்கியது. முடி எடுப்பவர் தண்ணீரைத் தொட்டார்.

"எழுந்துரும்மா" என்றாள் அம்மா.

"ஏன் அத்த, நீங்கதான வேண்டிக்கிட்டீங்க?"

"நான் சொன்னது அந்த முடிய. அத குடுத்தாச்சி. இது சாமி உனக்குக் குடுத்தது, இதுல கை வைக்கக் கூடாது." அவளைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு, அம்மா தன் கொண்டையை அவிழ்த்தாள். "மொட்டைன்னு வாய் வுட்டவ நான். நான் பாத்துக்கறேன், நவுரு."

கூட்டத்தில் நின்று அழுதேன். அம்மாவின் நரைத்த முடி கற்றையாக இறங்கத் தொடங்கியது. என் மனைவி அவள் முன்னால் மண்டிபோட்டு, காலியான அந்த வெள்ளைப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ஒரு முடியைக்கூட அவள் கீழே விழ விடவில்லை.