கைகோத்த கள்ளக்காசு

பெருவிரல் நகத்தளவே இருந்த அந்த ரோமானிய வெள்ளிக்காசைச் சித்தப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய பேரரசரின் தலை. மறுபக்கம் ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகள். அதை அக்காவுக்குக் கொடுத்தவர் அவளைக் கட்டிக்கொள்ள இருந்த அத்தான். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனில் குரோய்டனுக்கு வந்து மின்வேலை செய்தார். பழங்காசு சேர்ப்பதில் அவருக்குப் பித்து.

அப்பா இல்லாத எங்களுக்குப் பக்கத்து நோர்பரியில் சித்தப்பாதான் எல்லாம். பாரிஸில் கூடப்பிறந்தவன்போலப் பழகிய ஒருவன் அவருடைய கடையையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகு, பால் போத்தலில் அடித்திருக்கும் திகதியைக்கூட அவர் நம்புவதில்லை. "இந்தக் கையள் என்னத்துக்கு?" என்று கேட்டார். படைகள் ஒற்றுமையாக இருப்பதன் சின்னம் என்றாள் அக்கா. "ஒற்றுமை இருந்தா ஏன் காசில அடிக்கிறான்? நம்பு, நம்பு எண்டு சொல்லுறவனை நம்ப ஏலாது, பிள்ளை."

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அரத்தை எடுத்து விளிம்பை உரசினார். வெள்ளிக்கடியில் செம்பு சிவந்தது. அவர் முகத்தில் கோபத்தைவிட நிம்மதியே அதிகம் தெரிந்தது.

பின்னேரமே அத்தானை வரவழைத்தார். "இது செம்புக்கு வெள்ளி பூசினது. இந்தக் கலியாணம் சரிவராது."

அத்தான் உரசிய இடத்தைத் தடவினார். "ஓம், கள்ளக்காசுதான். ரோமாக்காரர் காலத்திலயே ஆரோ கள்ளமா அடிச்சது. அதாலதான் எனக்கு இதில விருப்பம்."

"நல்லாக் கதை விடுறீர்."

"காசைத் தரேக்கயே இது கள்ளக்காசு எண்டு எனக்குச் சொன்னவர்," என்றாள் அக்கா. "நீங்கள்தான் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை, சித்தப்பா. நான் இவரைத்தான் கட்டுவன்."

விம்பிள்டன் கோயிலில் கலியாணம் நடந்தது. சித்தப்பா வந்தார், ஆனால் சாப்பிடாமல் போய்விட்டார்.

வயதாகித் தனியே இருக்க முடியாமல் இப்போது அவர் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். காலையும் மாலையும் மருந்துக் குளிசை கொடுப்பவர் அத்தான். சித்தப்பா குளிசை மட்டையை வாங்கி, எழுத்துக்கூட்டிப் பெயரை வாசித்த பிறகுதான் விழுங்குவார். அத்தான் பொறுமையாகக் காத்து நிற்பார். சென்ற கிழமை நான் போயிருந்தபோது சித்தப்பா மட்டையைக் கேட்கவில்லை. குளிசைக்கு வாயைத் திறந்தார். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ, இது நம்பிக்கைதானா, அல்லது சித்தப்பாவின் பார்வை மங்கிவிட்டதா என்ற சந்தேகம்.